பவளத் தொட்டிக்கு எந்த ராஸ் மீன்? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உப்புநீர்த் தொட்டி வைத்து நான்கைந்து மாதம் ஆகி, க்ளவுன் மீன் ஜோடியும் ஒரு கோபியும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடத் தொடங்கியிருக்கும். அடுத்து என்ன வாங்கலாம் என்று கடைக்குப் போகிறவர்களின் கண் பெரும்பாலும் ராஸ் மீன்களில்தான் போய் நிற்கும். விளக்கு எரியும் நேரம் முழுவதும் ஓயாமல் நீந்தும் மீன்கள் இவை. இவை இருக்கும் தொட்டியில் எப்போது பார்த்தாலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். சரியான இனமாக இருந்தால் பவளத்தைக் கடிக்காது, மற்ற மீன்களையும் சீண்டாது.

அந்தச் சரியான இனத்தைப் பிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். ராஸ் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. விரல் நீளத்துக்கு மேல் வளராத பாஸம் ராஸும் இந்தக் குடும்பம்தான், 2 மீட்டர் வரை வளரும் நெப்போலியன் ராஸும் இந்தக் குடும்பம்தான். கடையில் எல்லாமே ஆறேழு சென்டிமீட்டர் குட்டிகளாகப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும். பார்க்க எல்லாமே அழகு. அதனால் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள்.

நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வது இதுதான்: ஒரு ராஸைப் பிடித்துப்போய்விட்டால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் அது இரவில் எங்கே தூங்கும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பேரை எழுதிக்கொண்டு வந்து வீட்டில் தேடிப் பாருங்கள். தூங்கும் இடம் தெரிந்தால் அதற்கு என்ன தரை வேண்டும், பயந்தால் எங்கே ஓடும், பெரும்பாலும் என்ன தின்னும் என்பதெல்லாம் கூடவே தெரிந்துவிடும்.

மணலில் தூங்குவது, பாறையில் தூங்குவது

தொட்டிக்கு வரும் ராஸ்களைப் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை மணலுக்குள் புதைந்து தூங்கும். ஹாலிகோரெஸ் பேரினம், லெப்பர்ட் ராஸ்கள், கோரிஸ் எல்லாம் இதில் சேரும். விளக்கு அணைய அரை மணி இருக்கும்போதே மணல்மேல் தாழ்வாக வட்டமடிக்க ஆரம்பிக்கும். பிறகு தலையைச் சாய்த்து ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விடும். சின்னதாக ஒரு மணல் புகை, அவ்வளவுதான். பெரும்பாலும் தினமும் ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம். பயந்தாலும் இதையேதான் செய்யும். இந்த வகைக்கு 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு நைசான மணல் கட்டாயம் வேண்டும். உடைத்த பவளத் துண்டுகளும் கரடுமுரடான சரளையும் உடம்பைக் கீறிவிடும். கீறின இடத்தில் கிருமி தொற்றினால் காப்பாற்றுவது கடினம். தொட்டி முழுக்க இந்த ஆழம் வேண்டுமென்பதில்லை. ஒரு மூலையில் அகலமான மணல்பரப்பு இருந்தாலும் போதும்.

இரண்டாவது வகை பாறை இடுக்கில் தூங்கும். ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ் இரண்டும் இதில் முக்கியமானவை. இரவில் தன்னைச் சுற்றி வாயிலிருந்து கோழைபோல ஒரு கூட்டைச் சுரந்து, அதற்குள் அசையாமல் கிடக்கும். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து மங்கலான சிவப்பு டார்ச்சை வைத்துப் பார்த்தால், இடுக்கில் கண்ணாடிபோல ஒரு பை தெரியும். அதன்மேல் தூசியும் மணல் துகளும் ஒட்டியிருக்கும். மீனின் வாய் மெல்லத் திறந்து மூடுவதுகூடத் தெரியும். இதே மாதிரிக் கூடு கட்டித் தூங்கும் கிளிமீன்களில் செய்த ஆய்வு ஒன்றில், இரவில் ரத்தம் உறிஞ்ச வரும் சிறு ஒட்டுண்ணிகளை இந்தக் கூடு பெருமளவு தடுப்பது தெரிந்தது. காலையில் அந்தப் பை கிழிந்து நீரோட்டத்தில் மிதந்து வந்தால் புதியவர்கள் ஏதோ நோய் என்று பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம். இந்த வகைக்கு மணல் தேவையே இல்லை, அடியில் வெறும் கண்ணாடி இருந்தாலும் வாழும். இடுக்குகளும் குகைகளும் நிறைய உள்ள பாறை அடுக்குதான் வேண்டும்.

1. முதலில் மூடி

மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது இது. ராஸ்கள் குதிக்கும். சாதுவான மீன் எதற்குக் குதிக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். குதிப்பதில் பெரும்பகுதி சாதுவானவைதான், துரத்தப்படுவதும் அவைதானே. திடீரென்று விளக்கு அணைவது, இரவில் யாரோ அறை விளக்கைப் போடுவது, புதிய மீன் உள்ளே வந்த முதல் சில நாள்கள், இவையெல்லாம் ஆபத்தான நேரங்கள்.

முழுக் கண்ணாடி மூடி போட்டால் தொட்டி சூடாகும், காற்றும் குறையும். நம் ஊர் வெயிலுக்கு வலை மூடிதான் நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தருகிறவர்களிடம் அளவு கொடுத்தால் ஃப்ரேம் செய்து தருவார்கள். வலையை மட்டும் 5 அல்லது 6 மி.மீ. கண் உள்ள நைலான் வலையாக மாற்றச் சொல்லுங்கள். கொசுவலையே போட்டால் அதன் நெருக்கமான பின்னல் பவளத்துக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இரும்பு வலை உப்பில் துருப்பிடிக்கும். மீன் தப்பிப்பது பெரும்பாலும் மூடியின் நடுவில் இல்லை, தண்ணீர் வழிந்து வெளியே போகும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்கு மேலும் ஒயரும் குழாயும் நுழையும் வெட்டிலும்தான். இரண்டு விரல் அகலம் இருந்தால் அதுவே ஃப்ளாஷர் ராஸுக்குத் தாராளம். அந்த வெட்டுகளைப் பஞ்சு வைத்தோ வலைத் துண்டு ஒட்டியோ அடையுங்கள்.

2. தொட்டியின் அளவையும் வயதையும் பாருங்கள்

100 முதல் 150 லிட்டர் தொட்டி என்றால் பாஸம் ராஸ் அல்லது பிங்க்-ஸ்ட்ரீக்டு ராஸ், இரண்டில் ஒன்று. இரண்டுமே ஆறேழு செ.மீ. அளவுதான் வரும். 200 லிட்டருக்கு மேல் ஃப்ளாஷர் வைக்கலாம். 300 லிட்டர், நீளம் 4 அடி இருந்தால் ஃபேரி ராஸும் சிறிய ஹாலிகோரெஸும் சௌகரியமாக இருக்கும். இவை நீளவாக்கில் விரைந்து நீந்துபவை. அதனால் லிட்டர் கணக்கைவிடத் தொட்டியின் நீளம் முக்கியம். உயரமான கனசதுரத் தொட்டியில் 300 லிட்டர் இருந்தாலும் ஃபேரி ராஸுக்கு ஓட இடம் போதாது.

வயது என்று நான் சொல்வது தொட்டி சைக்கிள் ஆகி முடிந்ததை, அதாவது கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர்ந்து தண்ணீர் பக்குவமானதை, மட்டும் இல்லை. இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக, மீன்களுக்கு இரையாகும் காப்பிபாட் என்ற பொடி உயிரிகள் ஓடுவது தெரிய வேண்டும். ஃபேரி, ஃப்ளாஷர் வகைகளுக்கு இது இருந்தால் நல்லது, பாஸம் ராஸுக்கு இருந்தே ஆக வேண்டும்.

வெப்பநிலை 25–26 டிகிரியில், உப்பின் அளவு 1.025 அடர்த்தியில், இரண்டும் ஆடாமல் நிற்பது நல்லது. சென்னையில் மே மாதத்தில் பம்புகளும் விளக்கும் சேர்ந்து தொட்டித் தண்ணீரை 31, 32 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஓயாமல் நீந்தும் மீனுக்குத்தான் அது முதலில் உறைக்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் கோடையில் ராஸ் வாங்காதீர்கள். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் தொட்டிப் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தியாவில் பவளத் தொட்டி வைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எடுத்த பவளத்தையோ உயிர்ப்பாறையையோ யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ராஸ்களுக்குப் பவளம் ஒரு அவசியமே இல்லை. செயற்கைப் பாறையில் இடுக்குகள் இருந்தால் போதும், சந்தோஷமாக இருக்கும்.

3. யாரைக் கூப்பிடலாம்

முதல் ராஸ் என்றால் நான் ஃப்ளாஷரைத்தான் சொல்வேன். மெக்காஸ்கர் ஃப்ளாஷர், கார்ப்பென்டர் ஃப்ளாஷர் இரண்டும் கடைக்கு வருகின்றன. மெக்காஸ்கர் நம் இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. முதுகுத் துடுப்பிலிருந்து ஒற்றை இழை நீண்டிருக்கும். கார்ப்பென்டருக்கு இப்படிப் பல இழைகள். சுமார் 8 செ.மீ.தான் வளரும். நீரில் மிதக்கும் பொடி உயிரிகளைத் தின்னும் மீன் என்பதால் இறால், நத்தை, புழு எதையும் தொடாது. சாயங்காலத்தில் ஆண் மீன் என்ன செய்கிறது என்று பாருங்கள்: சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் மீன் சட்டென்று நின்று எல்லாத் துடுப்புகளையும் விரிக்கும். உடம்பிலுள்ள கோடுகள் நீலமாகப் பற்றிக்கொள்ளும். ஒரு நொடிதான், எல்லாம் மடங்கிப் பழையபடி ஆகிவிடும். அப்புறம் மறுபடியும். பெண் மீனோ வேறு இன ஃப்ளாஷர் ஆணோ எதிரில் இருந்தால் இது இன்னும் அடிக்கடி நடக்கும்.

அடுத்து ஃபேரி ராஸ்கள். இவை பலவிதம். லபாக் ஃபேரி, நவோகோ ஃபேரி போன்றவை சாது. சோலார் ஃபேரி கொஞ்சம் அதிகாரம் செய்யும், ஆனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஸ்காட் ஃபேரி பார்க்க மிக அழகு, ஆனால் பெரிதாகி மற்ற ஃபேரிகளை விரட்டும். பல ராஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்காட்டை விட்டுவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் இன்னும் புதிது புதிதாக இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றன. மாலத்தீவில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும் ரோஜா நிற ஃபேரி ராஸ் ஒன்று 2022இல்தான் தனி இனம் என்று பெயர் பெற்றது. அதுவரை அதை வேறொரு இனம் என்றே நினைத்திருந்தார்கள்.

மணலில் தூங்குபவற்றில் மஞ்சள் ராஸ் மிக எளிதானது. கடையில் இதை 'யெல்லோ கோரிஸ்' என்று விற்பார்கள். உண்மையில் இது கோரிஸ் இல்லை, ஹாலிகோரெஸ். இந்தக் குழப்பம் விலை உயர்ந்த குழப்பமாகிவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன். 12 செ.மீ. வரை வளரும். நாள் முழுக்கப் பாறையைக் கண்ணால் துழாவிக்கொண்டே போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழல்வது தெரியும். ஒரு கண் ஏதோ ஒன்றின்மேல் நிலைத்ததும் உடம்பு நின்றுவிடும், பிறகு ஒரே கொத்து. தட்டைப்புழு, பவளத்தைத் தொல்லை செய்யும் குட்டி நத்தைகள் போன்றவற்றை இப்படிப் பொறுக்கித் தின்பதால் பவளம் வைப்பவர்களுக்கு இது பிடித்த மீன். மெலனூரஸ் ராஸும் இதே வேலையை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்யும். ஆனால் மெலனூரஸ் வளர்ந்த பிறகு குட்டி இறால்கள், விசிறிப்புழு, சின்ன நத்தைகள் மேலும் கண் வைக்கலாம். செக்ஸி இறால் மாதிரி சிறியவை இருந்தால் ஹாலிகோரெஸ் வேண்டாம்.

லெப்பர்ட் ராஸ் பற்றிக் கேட்பார்கள். சிறுத்தைப் புள்ளிகளோடு அவ்வளவு அழகு. குணத்தில் இதைவிடச் சாதுவான ராஸ் கிடையாது. ஆனாலும் முதல் வருடத்தில் வாங்காதீர்கள். கடலில் இது மணலிலும் பாறையிலும் உள்ள நுண்ணிய ஓடுள்ள உயிரிகளை இடைவிடாமல் பொறுக்கித் தின்னும் மீன். பயணத்தில் பையின் அடியில் புதையப் பார்த்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். பலது தீவனத்தையே தொடாமல் மெலிந்து செத்துவிடும். ஒரு வருடம் பழகிய, காப்பிபாட் நிறைந்த பெரிய தொட்டி, கடையிலேயே ஃப்ரோசன் தீவனம் சாப்பிடும் மீன், இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அப்போது யோசிக்கலாம்.

4. யாரைத் தவிர்க்க வேண்டும்

சிக்ஸ்லைன் ராஸ். ஆறு கோடுகளோடு சின்னதாக, விலை குறைவாக, எளிதில் சாகாத மீனாக எல்லாக் கடையிலும் இருக்கும். புதியவருக்கு ஏற்றது என்று சொல்லியே விற்பார்கள். முதல் சில மாதம் நன்றாக இருக்கும். பிறகு தொட்டி முழுதும் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் விடும் எந்தச் சாது ராஸையும் அது வாழ விடாது. சிக்ஸ்லைன் ஏற்கெனவே உள்ள தொட்டியில் ஃப்ளாஷர் விடாதீர்கள்.

மூன் ராஸ். மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையோரத்திலும் சாதாரணமாகக் காணப்படும் மீன். பச்சை உடம்பு, பிறைபோன்ற மஞ்சள் வால். 25 செ.மீ.க்கு மேல் போகும். இறால், நண்டு, சின்ன மீன் எல்லாவற்றையும் தின்னும். அதே கடலின் செக்கர்போர்டு ராஸும் ஹாலிகோரெஸ்தான், ஆனால் அதுவும் 25 செ.மீ. தாண்டி வளரும். ஹாலிகோரெஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

அசல் கோரிஸ்கள். குட்டியாக இருக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு பொம்மை மாதிரி இருக்கும். வளர்ந்தால் 40 செ.மீ., சில இனங்கள் 60 செ.மீ. கூடப் போகும். பாறைகளைப் புரட்டும், நத்தை இறால் ஒன்றையும் மிச்சம் வைக்காது. டிராகன் ராஸும் அப்படியே. இலைபோல ஆடும் குட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், அது 30 செ.மீ. வளர்ந்து கல்லைப் புரட்டும் மீன்.

க்ளீனர் ராஸை வேறு காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்கிறேன். அது சாதுதான். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது அதன் தொழில். 2019இல் வந்த ஒரு ஆய்வில், கண்ணாடியில் தெரியும் தன் உடம்பிலிருந்த குறியைப் பார்த்துவிட்டு அதைத் தேய்த்து எடுக்க முயன்றது இந்த மீன். வீட்டுத் தொட்டியிலோ அதற்கு வாடிக்கையாளர்கள் போதாது. பெரும்பாலானவை பட்டினியில் மெலிகின்றன. கடலில் ஒரு க்ளீனர் ராஸை எடுத்துவிட்டால் அந்தப் பாறைக்கு வந்துபோகும் எத்தனையோ மீன்களுக்கு நஷ்டம். அது அங்கேயே இருக்கட்டும்.

5. கடையில் நின்று பார்ப்பது

அவசரப்படாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். ராஸ்கள் பக்கத்துத் துடுப்புகளை அடித்து நீந்துபவை, வாலை வேகத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தும். சும்மா மிதக்கும்போதே வாலை ஆட்டிக்கொண்டு, தலை கீழாகவோ வால் தூக்கியோ சாய்ந்து நீந்தினால் நீச்சல்பை கெட்டிருக்கலாம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுவரப்பட்ட ஃபேரி ராஸ்களில் இது அதிகம். தலைக்குப் பின்னால் முதுகைப் பாருங்கள். அங்கே சதை ஒட்டிப்போய் விளிம்பு தெரிந்தால் பல நாள் பட்டினி. வயிறு மெலிந்திருப்பதைத் தேற்றலாம், முதுகுச் சதை கரைந்த மீனைத் தேற்றுவது கஷ்டம். வாய்ப்பகுதி வெளுத்தோ வீங்கியோ இருக்கக்கூடாது.

கடைசியாக, தீவனம் போடச் சொல்லுங்கள். ஒரு நல்ல கடைக்காரர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். ஃப்ரோசன் மைசிஸை (இறால் போன்ற பொடி உயிரி) பாய்ந்து பிடித்து விழுங்கினால் சரி. வாயில் வாங்கித் துப்பினால் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். ராஸ்களில் பெண்ணாக வாழ்ந்து பிறகு ஆணாக மாறுவது வழக்கம். கூட்டத்தில் பெரிய பெண் ஆணாகிவிடும். அதனால் நிறம் குறைவான பெண்ணை வாங்கினால் அது உங்கள் தொட்டியிலேயே மாறும் அழகைப் பார்க்கலாம், விலையும் குறைவு. ஒரே இனத்தில் இரண்டு ஆண்களை மட்டும் வாங்காதீர்கள். தனியாக வைத்த ஆண், பகட்டிக் காட்ட யாரும் இல்லாமல் நாளடைவில் நிறம் மங்கலாம். ஒரு பெண்ணோ நிறம் வேறான இன்னொரு ராஸோ இருந்தால் இது பெரும்பாலும் வராது.

6. தனித் தொட்டியில் சில வாரம்

வாங்கியதை நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். நாலு முதல் ஆறு வாரம் தனித் தொட்டி. வெள்ளைப்புள்ளி, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்கள் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அங்கே செம்பு மருந்து போடவே முடியாது, முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாம் செத்துவிடும். தனித் தொட்டியில் பாறை இடுக்குக்குப் பதிலாக பிவிசி முழங்கைக் குழாய்கள் போடுங்கள். ஹாலிகோரெஸ் என்றால் சாப்பாட்டு டப்பா ஒன்றில் மணலைக் கொட்டி ஒரு மூலையில் வையுங்கள், இல்லாவிட்டால் தூங்காமல் தவிக்கும். செம்பு மருந்து கொடுக்க வேண்டி வந்தால் சுண்ணாம்புத் தன்மையுள்ள பவள மணல் அதை உறிஞ்சிவிடும். அப்போது டப்பாவில் சிலிக்கா மணல் இருக்கட்டும். அளவைச் சோதனை கிட் வைத்துப் பார்த்து, பல நாள்களில் மெல்ல ஏற்றுங்கள். ராஸ்களுக்கு மருந்து சட்டென்று ஏறினால் சாப்பிடுவதை நிறுத்திவிடும்.

தனித் தொட்டிக்கும் மூடி வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

புதிய ஹாலிகோரெஸ் முதல் நாளே மணலுக்குள் போய் இரண்டு மூன்று நாள், சில நேரம் ஒரு வாரம்கூட வெளியே வராது. செத்துவிட்டதோ என்று மணலைக் கிளறாதீர்கள். அது பிடிபட்ட ஊரின் பகல் வேறு, உங்கள் விளக்கின் பகல் வேறு. நேரம் பழகியதும் தானாக வரும். அமோனியா மட்டும் ஏறுகிறதா என்று சோதித்துக்கொண்டிருங்கள், ஏறாவிட்டால் பொறுமையாக இருக்கலாம்.

7. தீவனம்

ராஸ்களின் குடல் சிறியது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகியவை. ஒரு வேளை நிறையப் போடுவதைவிட இரண்டு மூன்று வேளை சிறிது சிறிதாகப் போடுவது நல்லது. மைசிஸ், சத்து ஏற்றிய ஆர்ட்டீமியா, மீன் முட்டை, சிறு பெல்லட் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கைக்கு எதுவும் கிடைக்காத நாளில் சந்தையில் வாங்கிய பச்சை இறாலை ஓடு நீக்கி, நன்னீரில் அலசி, கடுகளவாக அரிந்து போடலாம். உப்போ மஞ்சளோ பட்டிருக்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் ஆட்டோ ஃபீடரில் பெல்லட்டும், காலையும் மாலையும் கையால் ஃப்ரோசனும் என்று வைத்துக்கொள்ளலாம்.

8. வரிசையாக விடுங்கள்

எந்த மீனை முதலில் விடுகிறோம் என்பது எந்த மீனை வாங்குகிறோம் என்பதற்கு நிகரானது. முதலில் வந்தது வீட்டுக்காரர் ஆகிவிடும். அதனால் மிகச் சாதுவானதை முதலில், அதிகாரம் செய்யக்கூடியதைக் கடைசியில். 4 அடி, 300 லிட்டர் தொட்டிக்கு நான் போடும் வரிசை இது: க்ளவுன் ஜோடி, ஃபயர்ஃபிஷ் போன்ற சாதுக்கள் ஏற்கெனவே இருக்கட்டும். முதலில் மெக்காஸ்கர் ஃப்ளாஷர் ஒன்று. அது பழகி, தைரியமாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மஞ்சள் ராஸ். கடைசியாக லபாக் ஃபேரி. மூன்றும் நிறத்திலும் வடிவத்திலும் வேறு வேறாக இருப்பதால் ஒன்றை ஒன்று போட்டியாக நினைப்பது குறைவு. டாட்டிபேக், பெரும்பாலான டாம்செல், ட்ரிக்கர், லயன் மீன், ஹாக் மீன் ஆகியவற்றோடு இந்த மூன்றையும் சேர்க்காதீர்கள்.

விடும் அன்று பையை 15–20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். உப்பின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விடுவதை அரை மணிக்குமேல் நீட்ட வேண்டாம். வெகுதூரம் பயணித்து வந்த பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி தண்ணீரின் பிஹெச் ஏறும், அதோடு பையில் சேர்ந்திருக்கும் அமோனியாவின் நச்சும் ஏறும். பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது ராஸ் முதல், துளையிட்ட அக்ரிலிக் அக்லிமேஷன் பாக்ஸில் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிடுவது நல்லது. பழைய மீன் வந்து துடுப்பை விரித்துக் காட்டும், பெட்டியை முட்டும். இரண்டு மூன்று நாளில் சலித்துப்போய் விலகிவிட்டால் திறந்துவிடலாம். ஒரு வாரம் ஆகியும் பெட்டியை விட்டு நகராமல் நின்றால், தொட்டியின் வெளியே ஒரு பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். பழைய மீன் தன் உருவத்தோடு மல்லுக்கு நிற்கும் நேரத்தில் புதியது ஒளிய இடம் பார்த்துக்கொள்ளும். விளக்கு மங்கிய சாயங்காலத்தில் திறந்துவிடுவதும் உதவும்.

விட்ட பிறகு முதல் இரண்டு நாள் கொஞ்சம் துரத்தல் இருக்கும். துடுப்பு ஓரம் கிழிந்தால் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். பார்க்க வேண்டியது சாப்பாட்டு நேரம். துரத்தப்பட்டாலும் தீவனம் போட்டதும் வெளியே வருகிறதா? வந்தால் தானாகச் சரியாகிவிடும். மேல் மூலையில் மூச்சு வாங்கியபடி நின்று, தீவனத்துக்கும் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அன்றே பிரித்துவிடுங்கள். அடிபட்டதை எடுப்பதைவிடத் துரத்தியதை எடுத்து அதே பெட்டியில் ஒரு வாரம் அடைத்து வைப்பதுதான் சரி. அந்த ஒரு வாரத்தில் புதிய மீன் தூங்க ஓர் இடுக்கைப் பிடித்திருக்கும். பிறகு பழையதைத் திறந்துவிட்டாலும் பெரும்பாலும் சண்டை திரும்பாது.